துடைக்க வேண்டியதும் காக்க வேண்டியதும்: 'கெஸ்' திரைப்பட மறுசீரமைப்பு கற்பிக்கும் பாடம்

பழைய திரைப்படம் ஒன்றைப் புதுப்பிப்பவர் முன்னால் எப்போதும் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. எது காலத்தால் படிந்த அழுக்கு? எது படைப்பின் இயல்பு? முதலாவதைத் துடைக்க வேண்டும். இரண்டாவதைத் தொடக் கூடாது. வகுப்பறையில் நாம் நாள்தோறும் சந்திக்கும் கேள்விகளும் இவையே. இதைப் புரிந்துகொள்ள, ஒரு பள்ளி மாணவனின் கதையைச் சொல்லும் 'கெஸ்' என்ற பிரிட்டிஷ் திரைப்படம் பெரிதும் உதவும்.

படமும் பின்னணியும்

கென் லோச் இயக்கிய இப்படம் 1969-இல் உருவானது. பேரி ஹைன்ஸ் 1968-இல் எழுதிய நாவலே இதன் மூலம். ஹைன்ஸ் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றியவர். வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த பார்ன்ஸ்லி நகரில் கதை நடக்கிறது. அந்த வட்டாரத்துப் பள்ளி மாணவரான டேவிட் பிராட்லி, நாயகன் பில்லியாக நடித்தார். உடற்கல்வி ஆசிரியராக வரும் பிரையன் குளோவரும் அங்கே உண்மையாகவே ஆசிரியராக இருந்தவர்.

அக்காலத்தில் இங்கிலாந்துக் குழந்தைகள் 11 வயதையொட்டி ஒரு தேர்வு எழுதினார்கள். வென்றவர்கள் 'கிராமர்' பள்ளிக்குச் சென்றார்கள். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு 'செகண்டரி மாடர்ன்' பள்ளி. பில்லி இரண்டாம் வகைப் பள்ளியில் படிக்கிறான். அண்ணனைப் போல் அவனும் சுரங்கத்துக்குத்தான் போவான் என ஊரே முடிவு செய்திருக்கிறது. எதற்கும் உதவாதவன் என்று பெயர் வாங்கிய அவன், வல்லூறு இனத்தைச் சேர்ந்த கெஸ்ட்ரல் குஞ்சு ஒன்றை எடுத்து வந்து, புத்தகத்தின் துணையோடு தானே பழக்குகிறான்.

மறுசீரமைப்பு எப்படி நடக்கிறது?

படச்சுருளில் ஒரு நொடிக்கு 24 படங்கள் உள்ளன. ஏறத்தாழ 110 நிமிடம் ஓடும் 'கெஸ்' போன்ற படத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான தனிப்படங்கள் இருக்கும். கிடைப்பவற்றில் சிறந்த சுருளைத் தேடி எடுத்து, சுத்தம் செய்து, ஒவ்வொரு படத்தையும் ஸ்கேன் செய்கிறார்கள். பிறகு கீறல், தூசி, கறை, படத்தின் நடுக்கம் ஆகியவற்றைக் கணினியில் நீக்குகிறார்கள். வெளிறிய நிறத்தைச் சரிசெய்கிறார்கள். ஒலியில் உள்ள இரைச்சலைக் குறைக்கிறார்கள்.

இங்கேதான் கவனம் தேவை. ஒளிப்பதிவாளர் கிறிஸ் மெங்கஸ் பெரும்பாலும் இயல்பான வெளிச்சத்திலேயே படம் பிடித்தார். அடங்கிய நிறங்களும் படச்சுருளின் நுண்துகள்களும் அந்தப் படத்தின் முகம். இன்றைய கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று நிறத்தைக் கூட்டினால், பார்ன்ஸ்லியின் மங்கலான வானம் பொய்யாகிவிடும். ஆகவே, இயக்குநரோ ஒளிப்பதிவாளரோ இருக்கும்போது அவர்களின் ஒப்புதலைப் பெறுவது நல்ல மறுசீரமைப்பின் மரபு. 2011-இல் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட 'கெஸ்' பதிப்பு கென் லோச்சின் ஒப்புதலோடு வந்தது.

மாற்றப்பட்ட குரல்

பாத்திரங்கள் யார்க்‌ஷயர் வட்டார வழக்கில் பேசுகிறார்கள். பொது ஆங்கிலத்தில் 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு மறைந்துவிட்டது; நெருக்கத்தைக் காட்டும் பழைய 'நீ' அந்த வழக்கில் நிலைத்திருந்தது. வெளியூர்ப் பார்வையாளர்களுக்குப் புரியாது என்று அஞ்சி, சில உரையாடல்களை மென்மையாக்கி மீண்டும் ஒலிப்பதிவு செய்தார்கள். 2011 பதிப்பில் அசல் ஒலித்தடமே முதன்மையாக வைக்கப்பட்டது; மாற்றிய தடமும் வரலாற்றுச் சான்றாக உடன் சேர்க்கப்பட்டது. ஒருகாலத்தில் குறையாகக் கருதப்பட்ட பேச்சு, காக்கத்தக்க செல்வமானது.

இரு ஆசிரியர் காட்சிகள்

படத்தில் தலைமையாசிரியர் தம் அறை முன் நிற்கும் மாணவர்களைப் பிரம்பால் அடிக்கிறார். வேறோர் ஆசிரியர் அனுப்பிய செய்தியைச் சொல்ல வந்த சிறுவனும் அவர்களோடு சேர்ந்து அடி வாங்குகிறான். அவன் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை.

மற்றொரு காட்சியில் ஆங்கில ஆசிரியர் ஃபார்த்திங், பில்லியை அவனுடைய பறவையைப் பற்றிச் சொல்லச் சொல்கிறார். தயங்கித் தொடங்கும் அவன், பறவையின் காலில் கட்டும் தோல்வாரின் பெயரைக் கரும்பலகையில் எழுதி விளக்குகிறான். வகுப்பே வியந்து கேட்கிறது. ஆசிரியர் அவன் பேச்சு வழக்கைத் திருத்தவில்லை. தெரியாததை அவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறார். ஃபார்த்திங்காக நடித்த காலின் வெல்லண்டுக்குச் சிறந்த துணை நடிகருக்கான பாஃப்டா விருது கிடைத்தது.

ஒரு நல்ல ஆசிரியரின் ஒரு பாடவேளை மட்டும் பில்லியின் வாழ்வை மாற்றிவிடவில்லை. சினத்தில் அண்ணன் பறவையைக் கொன்றுவிடுகிறான். பள்ளியும் வீடும் சமூகமும் சேர்ந்து கவனிக்க வேண்டிய குழந்தையை ஓர் ஆசிரியர் மட்டும் காப்பாற்றிவிட முடியாது என்பதைப் படம் மறைக்காமல் காட்டுகிறது. அதற்காக அந்தப் பாடவேளை வீண் என்று ஆகிவிடாது. அவன் யார் என்பதைப் பள்ளி அறிந்துகொண்ட ஒரே நேரம் அதுதான்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. தொடக்க வகுப்பு: வீட்டிலுள்ள பழைய புகைப்படம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லலாம். அதில் அழுக்கு எது, படத்தின் பகுதி எது எனக் குழந்தைகள் பிரித்துக் கூறட்டும்.

2. நடுநிலை வகுப்பு: 110 நிமிடப் படத்தில் எத்தனை தனிப்படங்கள் என்று கணக்கிடச் செய்யலாம். ஒரு படத்தைச் சரிசெய்ய ஒரு நிமிடம் ஆனால் மொத்தம் எத்தனை நாள் ஆகும் எனவும் காணலாம்.

3. உயர்நிலை வகுப்பு: தாத்தா, பாட்டியின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, அதில் உள்ள வட்டாரச் சொற்களைப் பட்டியலிடச் செய்யலாம். அதே செய்தியைப் பொதுத்தமிழில் எழுதி, எதை இழந்தோம், எதைப் பெற்றோம் எனக் கலந்துரையாடலாம்.

4. ஆசிரியர்களுக்கு: வகுப்பில் அதிகம் பேசாத மாணவர் ஒருவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு செய்தியைக் கண்டறிந்து, அதை வகுப்புக்கு விளக்க ஐந்து நிமிடம் கொடுங்கள். பேசி முடிக்கும்வரை திருத்த வேண்டாம்.

பொதுமொழியைக் கற்பிப்பது நம் கடமை. அதற்காகக் குழந்தையின் சொந்தக் குரலைக் கறையென்று துடைக்க வேண்டியதில்லை.