விண்ணேகும் நீர்

கர்நாடகத்தின் நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணையாறு, தமிழகத்திற்குள் நுழைந்தபின் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையிலும், பின்னர்க் கிருஷ்ணகிரி அணையிலும் தேக்கப்படுகிறது. மதகின் வழியே வெளியேறும் நீரைக் கண்ணால் காணலாம். ஆனால், மதகுகள் மூடியிருக்கும் கோடை நாள்களிலும் நீர்மட்டம் தாழ்கிறது. மண்ணுள் கசிவது போக, ஒரு பகுதி நீர் காற்றில் கலந்துவிடுகிறது. நீர், கொதிநிலையை எட்டாமலேயே மேற்பரப்பிலிருந்து ஆவியாக மாறும் இந்நிகழ்வே ஆவியாதல் ஆகும்.

நீரின் மூலக்கூறுகள் அனைத்தும் ஒரே விரைவில் இயங்குவதில்லை. மிகுந்த ஆற்றல் பெற்றவை, அருகிலுள்ளவற்றின் ஈர்ப்பிலிருந்து விடுபட்டு வெளியேறுகின்றன. அவை ஆற்றலைக் கொண்டு செல்வதால் எஞ்சிய நீர் குளிர்கிறது. மண்பானை நீரின் தண்மைக்கும், தொழிற்சாலைகளின் குளிர்விப்புக் கோபுரங்கள் வெந்நீரை ஆற்றுவதற்கும் இதுவே அடிப்படை.

விரைவை உறுதிசெய்யும் காரணிகள்

முதற்காரணி வெப்பம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது; கிருஷ்ணகிரியோ ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் உள்ளது. தாழ்ந்த நிலத்தில் வெப்பம் மிகுதி. எனவே, பிற காரணிகள் ஒத்திருப்பின், ஒரே ஆற்றின் நீர் கிருஷ்ணகிரியில் விரைந்து ஆவியாகும்.

இரண்டாவது, பரப்பு. அறுவடை செய்த கேழ்வரகைக் குவியலாக விட்டால் ஈரம் எளிதில் நீங்காது. அதனாலேயே உழவர் அதனைக் களத்தில் பரப்பி, அவ்வப்போது கிளறிவிடுகின்றனர்.

மூன்றாவது ஈரப்பதம், நான்காவது காற்றோட்டம். ஈரம் நிறைந்த காற்றில் ஆவியாதல் குறையும். வீசும் காற்று, நீர்ப்பரப்பின்மேல் தங்கிய ஈரக்காற்றை அகற்றி உலர்காற்றைக் கொணர்வதால் ஆவியாதல் விரைவுறும்.

வண்டலும் நீரிழப்பும்

ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியானால், இழப்பு 50 இலட்சம் லிட்டர் ஆகும். கிருஷ்ணகிரி அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. அதனை நம்பியுள்ள பாசன நிலம் 9,012 ஏக்கர். அத்தகைய நீர்த்தேக்கத்தில் வண்டல் படிந்தால் கொள்ளளவு குறைவது மட்டும் அன்று. ஆழம் குறைந்து, அதே அளவு நீர் அகலமாகப் பரவுகிறது. பரப்பு பெருகுவதால் இழப்பும் பெருகுகிறது. ஆகவே, தூர்வாருதல் நீரைச் சேமிக்க இடம் தருவதோடு, சேமித்த நீர் வீணாகாமலும் காக்கிறது.

நீர்ப்பரப்பை மூடிக் காக்கும் முயற்சிகளும் நிகழ்ந்துள்ளன. 2017ஆம் ஆண்டு வைகை அணையில் மிதக்கவிடப்பட்ட தெர்மாகோல் அட்டைகளைக் காற்று கரையில் ஒதுக்கியது. 2015இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர நீர்த்தேக்கம் ஒன்றில் ஏறத்தாழ 9.6 கோடி கருநிறப் பந்துகள் இடப்பட்டன. நீரின் தரத்தைக் காப்பதும் ஆவியாதலைக் குறைப்பதும் அதன் நோக்கங்கள். பந்துகளைக் காற்று அடித்துச் செல்லாதவாறு அவற்றினுள் சிறிது நீர் நிரப்பப்பட்டிருந்தது. ஆவியாதலை விரைவுபடுத்தும் காற்றே அதனைத் தடுக்கும் மூடியையும் அகற்றவல்லது என்பதை இவ்விரு முயற்சிகளும் உணர்த்துகின்றன.

ஆவியாதல் இன்றேல் மேகமும் மழையும் இல்லை. அதனை முற்றிலும் தடுப்பது இயலாது, தேவையும் அன்று. நீர்நிலைகளின் ஆழத்தைக் காத்தலும், காற்று வீசும் திசையில் கரையோரம் மரங்களை வளர்த்தலும் கோடையின் இழப்பைக் குறைக்கும். அவ்வாறு மிஞ்சும் நீர், கடைமடை வயலுக்குப் பயன்படும்.