முகவர் மூலம் நெல் விற்போர் அறியவேண்டியவை

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில் வயல்களும், கிழக்கே எழுவான்கரையில் அவ்வயல்களுக்குரியோர் பலரின் வீடுகளும் அமைந்திருப்பது இப்பகுதியின் நெடுநாளைய இயல்பாகும். இடையே நீர் கிடந்தமையால், போடியார் தாமே களவெட்டியில் நின்று யாவற்றையும் கவனித்தல் முற்காலத்தில் எளிதன்று. முல்லைக்காரர் அவருக்காக வயலை மேற்பார்த்து வந்தார். 2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் ஓடத்துக்குக் காத்திருக்கும் தொல்லை நீங்கிற்று. ஆயினும் ஒருவருக்காக மற்றொருவர் நெல் விற்பதும் வாங்குவதும் நீங்கவில்லை.

இவ்வாறு பிறருக்காக மூன்றாமவரோடு ஒப்பந்தஞ் செய்பவர் முகவர் எனப்படுவார். எவருக்காகச் செய்கிறாரோ அவர் முதல்வர். இலங்கையில் ஒப்பந்தங்களுக்குப் பொதுவாக உரோமன் டச்சுச் சட்டமே அடிப்படையாயினும், 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, முதல்வர் முகவர் பற்றிய விடயங்களுக்கு ஆங்கிலச் சட்டத்தை ஏற்றுள்ளது. அதிற் கமக்காரருக்கு வேண்டியன சிலவே.

வயலுக்குரியவர் ஒருவர் மூன்று போகங்களாகத் தம் மேற்பார்வையாளரைக் கொண்டு ஒரு வியாபாரிக்கு நெல் விற்று, பணத்தையும் அவர் மூலமே பெற்று வந்தார் என்க. நான்காம் போகத்தில் அவரை வேலையினின்றும் நீக்கினார், வியாபாரிக்கு அறிவிக்கவில்லை. நீக்கப்பட்டவர் நாற்பது மூடை நெல்லை முன்போல விற்றுப் பணத்துடன் மறைந்தார். வியாபாரி நீக்கத்தை அறியாது நேர்மையாகப் பணங்கொடுத்திருப்பின், அவரிடம் மீண்டும் விலை கேட்க முடியாது. “நான் அவரை நிறுத்திவிட்டேனே” என்பது விடையாகாது. வியாபாரி நம்பியது உரியவரின் முந்திய நடத்தையையே. “இன்ன விலைக்குக் குறைய விற்காதே” என்று இரகசியமாக இட்ட கட்டளையும் அத்தன்மையதே. நள்ளிரவிற் பாதி விலைக்கு வாங்கியவர், ஐயத்துக்கு இடமிருந்தும் விசாரியாதவர், இப்பாதுகாப்பைப் பெறார். நட்டத்தை மேற்பார்வையாளரிடம் அறவிட வழியுண்டு. ஆளைப் பிடித்தல் வேறு விடயம்.

அறுவடைக் காலத்தில் லொறியுடன் வந்து, “நான் இன்ன ஆலையின் ஆள்” என்பவர் விடயத்தில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். முகவரின் அதிகாரம் முகவரின் வாயினின்றும் பிறப்பதில்லை. முதல்வரின் சொல்லினின்றோ செயலினின்றோ பிறத்தல் வேண்டும். ஆலைக்காரர் அவரை அனுப்பவுமில்லை, தம் ஆளெனக் காட்டவுமில்லையெனின், நெல்லைக் கடனாகக் கொடுத்த கமக்காரர் ஆலையிடம் விலை கோர முடியாது. ஆலைக்காரர் பின்னர் உண்மையறிந்து அக்கொள்வனவை ஏற்றுக்கொண்டால், அவர் கட்டுப்படுவார்.

பொய்யாக அதிகாரம் கூறியவர் தப்புவாரோ? தப்பார். இங்கிலாந்தில் 1857 ஆம் ஆண்டு தீர்க்கப்பட்ட கொலன் எதிர் ரைட் என்னும் வழக்கு ஒரு பண்ணைக் குத்தகை பற்றியது. உரியவரின் அதிகாரமின்றியே முகவர் ஒருவர் குத்தகை கொடுக்க உடன்பட்டார். தமக்கு அதிகாரம் உண்டென்றே அவர் நம்பியிருந்தார். எனினும் குத்தகைக்காரரின் நட்டத்துக்கு அவர் பொறுப்பென்றும், அவர் இறந்தமையால் அவரது சொத்தை நிருவகிப்போர் அதனை ஈடுசெய்ய வேண்டுமென்றும் தீர்ப்பாயிற்று. கையிற் பொருளில்லாதவர்மீது பெற்ற தீர்ப்பினால் வயிறு நிறையாது. ஆகவே மூடைகளை ஏற்றுமுன் ஆலையுடன் தொலைபேசியிற் பேசி உறுதிசெய்க. பற்றுச்சீட்டில் ஆலையின் பெயர், மூடைத்தொகை, நிறை, விலை, திகதி ஆகியவற்றை எழுதுவிக்க. வந்தவர் தம் பெயரிலேயே வாங்கினால் அவரே விலைக்குப் பொறுப்பாளி.

முகவர் தம் முதல்வருக்கு முறையாகக் கணக்குக் காட்டவேண்டும். வாங்குபவரிடம் மூடைக்கு இவ்வளவென மறைவாகப் பெறும் தரகும் முதல்வருக்கே உரியது. முதல்வரோ, பேசிய கூலியையும், லொறிக்கும் சாக்குக்கும் முகவர் முறைப்படி செலவிட்டதையும் கொடுக்கக் கடமைப்பட்டவர். இதனை மறக்கும் உரியவர்களும் உளர்.

காணி விற்பனை வேறு. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அதற்கு நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய உறுதி வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் உரியவருக்காக ஒருவர் விற்க வந்தால், அவரது அற்றோணித் தத்துவப் பத்திரத்தில் விற்கும் அதிகாரம் வெளிப்படையாக உண்டோவென வாசித்தறிக. அதனைக் கொடுத்தவர் இறந்திருப்பின் அவ்வதிகாரமும் பொதுவாக முடிவுற்றதாகும்.

மேற்பார்வையாளரை நீக்கும் நாளிலேயே, அவருடன் கொடுக்கல் வாங்கல் செய்த ஒவ்வொரு வியாபாரிக்கும் பின்வருமாறு எழுதலாம்: “இத்திகதி முதல் இன்னார் எனக்காக நெல் விற்கவோ பணம் பெறவோ அதிகாரமுடையவரல்லர்.” கடிதத்தின் பிரதியொன்றில் வியாபாரியின் கையொப்பத்தையும் திகதியையும் பெற்று வைத்துக்கொள்க, மேற்பார்வையாளரிடமுள்ள பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் அன்றே திரும்பப் பெறுக.