வயிற்றில் புளி கரைக்கும் நேரம்



டிப்ளமோ முடித்த கையோடு மேல்படிப்புக்காகக் கடல் கடந்து போகும் கனவு நம்மில் பலருக்கு உண்டு. அட்மிஷன் கடிதம் வந்த அன்று விடுதியே அதிரும். ஆனால் டிக்கெட் கைக்கு வந்து, புறப்பட இன்னும் 10 நாள்தான் என்னும்போது கதையே வேறு. "பாஸ்போர்ட் வந்துடுச்சு, வீசா வந்துடுச்சு, தூக்கம் மட்டும் வரமாட்டேங்குதுடா" என்று புலம்பாத சீனியர் யார்? வீட்டுப் பத்திரத்தை பேங்க்கில் வைத்து அப்பா கடன் வாங்கியிருப்பார். துணைக்கு யாரும் கிடையாது. வயிற்றில் புளியைக் கரைக்காமல் என்ன செய்யும்?

முதலில் அந்தப் புளி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்து, கை கால் தசைகளுக்கு அதிகமாகப் போகிறது. பசி போய்விடுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. வேடிக்கை என்னவென்றால், கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்க்கும்போதும் உடம்பில் ஏறக்குறைய இதேதான் நடக்கிறது. பயம், குஷி என்று பெயர் வைப்பதெல்லாம் நாம்தான்.

எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு இன்னும் சுலபமாகச் சொல்லலாம். இண்டக்ஷன் மோட்டாரை நேரடியாக ஸ்டார்ட் செய்தால் முழு லோடு கரண்டைப் போல 5 முதல் 7 மடங்கு வரை இழுக்கும். அதைப் பார்த்து மோட்டார் கெட்டுப்போச்சு என்று யாராவது சொல்வோமா? நின்றுகொண்டிருக்கிற ரோட்டர் சுற்ற ஆரம்பித்து வேகம் பிடித்ததும் கரண்ட் தானாக இறங்கிவிடும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால் லைனில் வரும் ஸ்டார்ட்டிங் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகும். (டார்க்கும் அதே அளவு குறையும், வைவாவில் மறந்துவிடாதீர்கள்!) பயணத்துக்கும் அப்படி ஒரு ஸ்டார்ட்டர் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நினைக்காமல், அடுத்த படி எது என்று மட்டும் பார்ப்பதுதான் அது.

நமக்கு முன்னே போனவர்களைப் பாருங்கள். 1888 செப்டம்பர் 4-ஆம் தேதி பம்பாயிலிருந்து சட்டம் படிக்கக் கப்பலேறிய 18 வயது காந்திக்கு ஆங்கிலத்தில் பேசவே கூச்சம். கத்தி, முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இல்லை என்று கேட்கவும் தைரியம் வரவில்லை. அதனால் கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் அறைக்குள்ளேயே உட்கார்ந்து தின்றிருக்கிறார்! "எல்லோரிடமும் போய்ப் பேசு" என்று கூட வந்த வக்கீல் சொல்லியும் அறையை விட்டு வெளியே வரத் தயக்கம். கரை இறங்கும்போது வெள்ளை ஃப்ளானல் உடை போட்டிருந்தார். செப்டம்பர் கடைசியில் அங்கே வெள்ளை உடுத்தியவர் அவர் ஒருவர்தான். மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெட்டி சாவியோடு ஏஜெண்டிடம் போய்விட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பெட்டி வராது. கூச்சத்தில் நெளிந்ததை அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆகவே ஒரு செட் மாற்றுடை கைப்பையில் இருக்கட்டும். பெட்டி ஒரு நாள் தாமதமாக வருவது இன்றைக்கும் நடக்கிற விஷயம்தான்.

நம் கும்பகோணத்து ராமானுஜன் 1914 மார்ச் 17-இல் சென்னையில் 'நெவாசா' கப்பலில் ஏறினார். அப்போது வயது 26. கடல் தாண்டினால் சாதிக்கட்டு என்ற காலம். குடுமியை எடுத்துவிட்டு, பழக்கமில்லாத மேல்நாட்டு உடுப்பை மாட்டிக்கொண்டு போனார். ஏப்ரல் 14-இல் லண்டனில் இறங்கியபோது பேராசிரியர் நெவில் காத்திருந்தார். அந்த ஒரு தெரிந்த முகம் எவ்வளவு பெரிய தெம்பு! உங்களுக்கும் அங்கே படிக்கும் சீனியர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஜெர்மனி போகிறவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஏர்போர்ட்டுக்கு 3 மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். முதலில் செக்-இன், அப்புறம் இமிக்ரேஷன், பிறகு செக்யூரிட்டி. ஒவ்வொன்றும் ஒரு வரிசை, அவ்வளவுதான். முன்னால் நிற்பவர் செய்வதைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் போடக்கூடாது. எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் நேர் எதிர், அது பெரிய பெட்டிக்கு. நெய் பாட்டிலை மட்டும் அம்மா என்ன சொன்னாலும் எடுத்துப் போகாதீர்கள். பால் பொருள், இறைச்சி இரண்டையும் நம் ஊரிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் கொண்டுபோகத் தடை.

அட்மிஷன் கடிதம், பணத்துக்கான அத்தாட்சி, தங்கப்போகும் முகவரி மூன்றையும் காகிதத்தில் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போன் சார்ஜ் நேரம் பார்த்துத் தீர்ந்துபோகும். அங்கே இமிக்ரேஷன் அதிகாரி "எதற்கு வந்தாய், எங்கே படிக்கப் போகிறாய்" என்று கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில் போதும். இலக்கணம் தப்பினாலும் பரவாயில்லை, அது ஓரல் டெஸ்ட் இல்லை! அவசரத்துக்கு 112 என்ற எண் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் வேலை செய்யும்.

வீட்டில் "பயமா இருக்காப்பா?" என்று கேட்டால் வீறாப்பாக இல்லை என்று சொல்லாதீர்கள். "கொஞ்சம் இருக்குப்பா" என்று சொல்லிப் பாருங்கள். அவரும் ராத்திரி தூங்கவில்லை என்பது அப்போதுதான் வெளியே வரும். இன்னொன்று, நேர வித்தியாசம். அக்டோபர் முதல் வாரத்தில் அங்கே காலை 7 மணிக்கு இறங்கினால் இங்கே 10.30. அதுவரை அம்மா ஒரு வாய் காபிகூடக் குடித்திருக்க மாட்டார். பெட்டி வருகிற பெல்ட் பக்கத்தில் நிற்கும்போதே அங்குள்ள வைஃபையைப் பிடித்து முதல் போனை வீட்டுக்குப் போட்டுவிடுங்கள்.