கண்ணாடிக்கும் உண்டு பாகுப் பதம்

பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரிக் கரையோரம் வெல்லம் காய்ச்சும் ஆலைகளை நீங்கள் பார்த்திருக்கலாம். கொப்பரையில் கருப்பஞ்சாறு கொதித்து இறுகி வரும்போது, காய்ச்சுபவர் சிறிது பாகை எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். பதம் வரவில்லையென்றால் பாகு கரைந்துவிடும். வந்திருந்தால் உருண்டையாக நிற்கும். வெப்பமானி கிடையாது. விரலும் கண்ணுமே கருவிகள்.

கண்ணாடி ஊதும் தொழிலும் இப்படிப் பதம் பார்க்கும் தொழில்தான். ஆனால் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. கருப்பஞ்சாறு இறுகுவதற்கு முக்கியக் காரணம், அதிலுள்ள நீர் ஆவியாகிப் போவது. கண்ணாடியிலிருந்து எதுவும் ஆவியாகிப் போவதில்லை. வெப்பநிலை ஒன்றே அதை இளக்குகிறது, இறுக்குகிறது.

பனிக்கட்டியைச் சூடாக்கினால் என்ன நடக்கிறது? 0 டிகிரி வரை கட்டி, அதற்குமேல் நீர். நடுவில் 'கொழகொழ' நிலை என்று ஒன்றும் இல்லை. ஈயமும் அப்படியே, 327 டிகிரி செ. வந்ததும் உருகி ஓடிவிடும். இவற்றில் அணுக்களோ மூலக்கூறுகளோ ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்டிருப்பதால், எல்லாப் பிணைப்புகளும் ஒரே வெப்பநிலையில் விட்டுக் கொடுக்கின்றன. கண்ணாடியில் சிலிகன், ஆக்சிஜன் அணுக்கள் வலைபோலப் பின்னிக் கிடந்தாலும் அந்த வலையில் ஒழுங்கு இல்லை. சில பிணைப்புகள் முன்னதாகத் தளரும், சில பின்னதாகத் தளரும். எனவே கண்ணாடிக்குத் திட்டமான உருகுநிலை கிடையாது. சாதாரண சோடாக் கண்ணாடி ஏறத்தாழ 720 டிகிரி செ.யில் தன் எடையாலேயே தொய்யத் தொடங்கும். ஏறத்தாழ 1,000 டிகிரியில் அதன் பாகியல் எண் 10,000 பாய்ஸ். தேனுக்கு இது சுமார் 100 பாய்ஸ்தான்! தேனைவிட நூறு மடங்கு கெட்டியான இந்தப் பாகுதான் ஊதுவதற்கு ஏற்ற பதம். பதத்துக்கும் தொய்வுக்கும் நடுவே உள்ள இந்த முந்நூறு டிகிரி இடைவெளியில்தான் தொழில் முழுவதும் நடக்கிறது.

"காவிரி மணலில் கண்ணாடி செய்யலாமா, சார்?" என்று வேலூர் மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். செய்யலாம், ஆனால் பச்சையும் பழுப்புமாக வரும். ஆற்று மணலில் குவார்ட்ஸுடன் இரும்பு கலந்த தாதுக்களும் இருக்கின்றன. நிறமற்ற கண்ணாடி வேண்டுமானால் இரும்பு ஆக்சைடு, சதவீதத்தில் நூறில் சில பங்குகளுக்கு மேல் இருக்கக் கூடாது. தூய சிலிகா உருக 1,700 டிகிரிக்கும் மேலான வெப்பநிலை வேண்டும். சோடாவைச் சேர்த்தால் இது வெகுவாகக் குறையும். ஆனால் சோடா மட்டும் சேர்த்த கண்ணாடி நீரில் கரைந்துவிடும்! அதைத் தடுக்கவே சுண்ணாம்பு சேர்க்கிறார்கள்.

இப்போது ஆய்வுக்கூடக் கருவிகள் செய்யும் சிறு பட்டறை ஒன்றுக்குள் போவோம். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களிலும் இத்தகைய பட்டறைகள் நெடுங்காலமாக இயங்கி வந்துள்ளன. ஒரு மேசை, அதன்மேல் ஒரு சுடர்விளக்கு, எரிவாயு உருளை, ஆக்சிஜன் உருளை, கட்டுக்கட்டாகக் கண்ணாடிக் குழாய்கள், மூலையில் ஒரு மின் உலை. பெரும்பாலும் இவ்வளவுதான்.

ஊதுபவர் குழாயின் இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்துச் சுடரில் சுழற்றுகிறார். சுழற்றாவிட்டால் இளகிய பகுதி புவியீர்ப்பால் தொங்கிவிடும். நடுப்பகுதி இளகியபின் அது இரு கைகளையும் இணைக்காது. ஆயினும் இரண்டும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். இல்லையேல் குழாய் முறுக்கிக்கொள்ளும். இதைப் பழகவே மாதக்கணக்காகும். வாயிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் கண்ணாடிக்குப் போகிறது. கைகள் ஓயாமல் வேலை செய்யும்போதே ஊதுவதற்கான ஏற்பாடு அது.

கண்ணாடி சூடேறியதும் சுடர் பளிச்சென்று மஞ்சளாகிறது. கல்லூரியில் நிறமாலைமானிச் சோதனைக்கு வைக்கும் சோடியம் விளக்கின் அதே மஞ்சள். அலைநீளங்கள் 5890, 5896 ஆங்ஸ்ட்ராம். இந்த ஒளியில் வேலைப்பொருள் கண்ணுக்குத் தெரியாது. எனவே நியோடிமியம், பிரசியோடிமியம் என்ற தனிமங்கள் கலந்த மூக்குக்கண்ணாடியை ஊதுபவர் அணிகிறார். அது மஞ்சளை மட்டும் விழுங்கிவிடுகிறது.

இனி கவனியுங்கள். சுடருக்குள் வைத்தபடியே அவர் ஊதுவதில்லை. வெளியே எடுத்தபின்தான் ஊதுகிறார். ஏன்? ஊதும்போது ஓரிடம் மெலிந்தால், மெல்லிய அந்த இடம் காற்றில் விரைவாகக் குளிர்ந்து விறைத்துக்கொள்ளும். இன்னும் சூடாக உள்ள தடித்த இடம் அடுத்தபடியாக விரியும். குமிழ் தன்னைத்தானே சமன்செய்து கொள்கிறது! சுடருக்குள்ளேயே ஊதினால் மெலிந்த இடம் மேலும் மெலிந்து, ஊதிப்போன பலூன்போல வெடிக்கும்.

நம் பாடநூல்கள் இந்தக் கைவினைஞர்களைப் போதிய அளவு நினைப்பதில்லை என்பது என் கருத்து. பான் நகரில் இருந்த ஹைன்ரிக் கைஸ்லர் ஒரு கண்ணாடி ஊதுபவர். 1857ஆம் ஆண்டில் அவர் செய்த மின்னிறக்கக் குழாய்களின் வழியில் வந்தவையே கேத்தோடு கதிர்க் குழாய்கள். 1895இல் ரான்ட்ஜென் எக்ஸ் கதிர்களைக் கண்டது அத்தகைய குழாயைக் கொண்டுதான். ஜே. ஜே. தாம்சனின் குழாய்களை ஊதிக் கொடுத்தவர் அவருடைய உதவியாளர் எபனேசர் எவரெட். அவர் கைத்திறன் இல்லாமல் 1897இல் எலெக்ட்ரான் அகப்பட்டிருக்குமா?

ஊதாமலேயும் ஒரு வித்தை உண்டு. சூடான குழாயைச் சுடரிலிருந்து எடுத்து இருபுறமும் இழுத்தால் தலைமுடிபோல நீளும்; ஆனால் துளை அடைபடாது. வெற்றிலைக் காம்பளவு குழாயிலிருந்து நுண்துளைக் குழாய் இப்படித்தான் பிறக்கிறது. புதுச்சேரிக்கு அருகே 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் கிடைத்த சிறு கண்ணாடி மணிகளில் மிகப் பல இந்த முறையில் செய்யப்பட்டவையே. நீண்ட குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கினால் கோக்கத் துளையுடன் மணி தயார்! ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் இம்முறை 20ஆம் நூற்றாண்டிலும் நடந்ததை ஆய்வாளர்கள் நேரில் பதிவு செய்திருக்கிறார்கள்.

வடிவம் வந்தவுடன் வேலை முடிந்ததா? இல்லை. மேற்பரப்பு முதலில் குளிர்ந்து இறுகும். உட்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்க முயன்று, இறுகிவிட்ட மேற்பரப்பை உள்நோக்கி இழுக்கும். இந்தத் தகைவு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே தங்கிவிடும். அத்தகைய குடுவை மேசையில் அழகாக உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் சிறு கீறல் பட்டதும் சிதறும். அது வெற்றிடக் குடுவையாக இருந்தால்? 10 செ.மீ. ஆரமுள்ள கோளக் குடுவையின் பரப்பு முழுவதையும் வளிமண்டலம் அழுத்தும் விசை, ஏறத்தாழ 1,250 கிலோகிராம் எடைக்குச் சமம். கணக்கிட்டுப் பாருங்கள். அருகில் நிற்பவரின் கண் தப்பாது.

எனவேதான் மூலையில் அந்த மின் உலை. போரோசிலிகேட் கண்ணாடியை ஏறத்தாழ 560 டிகிரியில் வைத்திருந்து, பிறகு மிக மெதுவாக ஆற்றுகிறார்கள். அந்த வெப்பநிலையில் வடிவம் கெடாது. ஆனால் அணுக்கள் சிறிதே நகர்ந்து தகைவைத் தீர்த்துக்கொள்ளும். சோடாக் கண்ணாடியையும் போரோசிலிகேட்டையும் ஒட்டவைத்தாலோ உலையும் காப்பாற்றாது. 100 டிகிரி குளிரும்போது ஒரு மீட்டர் சோடாக் கண்ணாடி 0.9 மி.மீ. சுருங்கும், மற்றது 0.33 மி.மீ.தான். ஒட்டு விரிசல் விட்டே தீரும்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. கண்ணாடிக் குழாயைத் தக்கையில் செருகும்போது கிளிசரின் தடவி, கையில் துணி சுற்றி, தக்கைக்கு அருகில் பிடித்து மெல்லத் திருகுங்கள். தூரத்தில் பிடித்துத் தள்ளினால் குழாய் ஒடிந்து உள்ளங்கையில் பாயும். இன்னொன்று: 300 டிகிரியில் உள்ள கண்ணாடியும் குளிர்ந்த கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றே.

தகைவைக் கண்ணால் பார்க்க வழி உண்டா? பட்டறையில் இரண்டு போலராய்டு தகடுகளைக் குறுக்காக வைத்து, இடையே குடுவையைப் பிடித்துப் பார்க்கிறார்கள். சரியாக ஆறிய குடுவை இருளாகத் தெரியும். தகைவு இருக்கும் இடத்தில் ஒளி கசியும். நீங்களும் முயலலாம். கணினியின் எல்.சி.டி. திரையில் வெண்மையான பக்கம் ஒன்றை வையுங்கள். அதிலிருந்து வருவது தளவிளைவுற்ற ஒளி. போலராய்டு குளிர்கண்ணாடியைத் திரைமுன் பிடித்து, திரை கறுக்கும்வரை திருப்புங்கள். இப்போது இரண்டுக்கும் நடுவே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அடிக்கோல் ஒன்றை நுழையுங்கள். வானவில் நிறப் பட்டைகள் தெரியும். அவை நெருங்கிக் கிடக்கும் இடத்தைத் தேடுங்கள். பெரும்பாலும், உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த வாய் அதுவாக இருக்கும்.