செஞ்சி ஏறிய கால்களும் கேதார்நாத் மூச்சும்

கோலியனூர் கூட்டுரோட்டில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் நெல்லும் கரும்பும்தான். கடல் மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டரைக்கூடத் தொடாத சமவெளி. மலை பார்க்க வேண்டுமென்றால் விழுப்புரம் போய் செஞ்சி பஸ் ஏற வேண்டும். இன்னும் கொஞ்சம் துணிச்சல் உள்ளவர்கள் பௌர்ணமிக்குப் பர்வதமலை போய், கடப்பாறை நெட்டில் தொற்றி ஏறிவிட்டு வந்து ஒரு வாரம் கால்வலியைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இரண்டையும் முடித்தவர்களுக்கு அடுத்த ஆசை இமயமலை: கேதார்நாத், அமர்நாத், லடாக். ஆசையில் ஒரு குறையும் இல்லை. அதோடு மூட்டை கட்டிக்கொண்டு போகும் நம்பிக்கைகளில்தான் கோளாறு.

"ராஜகிரியை ஒரே மூச்சில் ஏறுகிறவனுக்கு இமயமலை என்ன பிரமாதம்?"

செஞ்சியின் ராஜகிரி சுமார் 800 அடி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். அந்தப் பாறைப் படிகள் தொடைக்கும் முழங்காலுக்கும் நல்ல பயிற்சி, சந்தேகமே இல்லை. ஆனால் உயரம் சோதிப்பது தொடையை அல்ல. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டரைத் தாண்டினால் யாருக்கு வேண்டுமானாலும் உயர நோய் வரலாம். தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆக, தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரமே இந்த எல்லையைச் சற்றுத்தான் தாண்டுகிறது. நம் மலைகளில் எத்தனை முறை ஏறினாலும் இந்தச் சோதனைக்கு உடல் பழகாது.

இளமையும் உடற்கட்டும் காப்பாற்றும் என்பவர்களுக்கு இந்திய ராணுவமே பதில் வைத்திருக்கிறது. சமவெளியிலிருந்து இமயமலை எல்லைக்கு அவசரமாகக் கொண்டுபோகப்பட்டு உயர நோயில் விழுந்த 1,925 சிப்பாய்களைப் பற்றி இந்திய ராணுவ மருத்துவர்கள் 1969இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் விரிவாக எழுதினார்கள். உலகம் முழுவதும் இன்றும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு அது. அத்தனை பேரும் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்ட இளைஞர்கள். அந்த அனுபவத்திலிருந்து பாடம் படித்த ராணுவம் இன்று 2,700 மீட்டருக்கு மேல் ஆறு நாள், 3,600க்கு மேல் நான்கு நாள், 4,500க்கு மேல் இன்னும் நான்கு நாள் என்று நிறுத்திப் பழக்கித்தான் ஆளை மேலே அனுப்புகிறது. சிப்பாய்க்கே பதினான்கு நாள் என்றால், விமானத்தில் லே போய் இறங்கி மறுநாளே கார்துங் லா கணவாயில் செல்ஃபி எடுக்கத் துடிக்கும் நமக்கு எத்தனை நாள்?

சொல்லப்போனால், தெம்புள்ளவருக்குத்தான் ஆபத்து கூடுதல். அவரால் வேகமாக ஏற முடியும். வேகம்தான் இந்த நோய்க்கு வித்து.

"மேலே காற்றில் ஆக்சிஜன் இல்லை."

இருக்கிறது. கோலியனூர் காற்றிலும் எவரெஸ்ட் உச்சிக் காற்றிலும் ஆக்சிஜனின் விகிதம் ஒன்றுதான், ஏறத்தாழ 21 சதவீதம். குறைவது காற்றழுத்தம். கேதார்நாத் இருக்கும் 3,580 மீட்டரில் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. 5,500 மீட்டரில் சரிபாதி. மூச்சை இழுத்தால் நெஞ்சு நிறையும், ஆனால் ரத்தத்துக்குள் போகிற ஆக்சிஜன் குறைவு. இதை ஈடுகட்ட உடல் வேகமாக மூச்சு விடக் கற்றுக்கொள்ளும், ரத்தத்தின் காரத்தைச் சிறுநீரில் தள்ளும், பிறகு சிவப்பணுக்களைக் கூட்டும். இதற்கெல்லாம் நாட்கள் ஆகும். வழியில் விற்கும் ஸ்ப்ரே டப்பா ஆக்சிஜன் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அந்த நாட்களுக்கு அது ஈடாகாது.

"கற்பூரத்தை முகர்ந்தால் மூச்சுத்திணறல் போய்விடும்."

யாத்திரை போகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருப்பார்கள். பூஜை சாமான் கடையில் பாக்கெட்டாக வாங்கி, பேருந்தில் எல்லோருக்கும் விநியோகிக்கும் பெரியம்மா ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் உண்டு. முகர்ந்ததும் மூக்கில் ஜில்லென்று ஒரு உணர்ச்சி; வழி திறந்துகொண்டது போலத் தோன்றும். குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைக் கற்பூரம் தூண்டுவதால் வரும் தோற்றம் அது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு புள்ளிகூட ஏறாது. கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் வீட்டில் கிடந்தால் விரலில் மாட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

பயனில்லை என்பதோடு போனால் பரவாயில்லை, விட்டுவிடலாம். ஆனால் இரண்டு கெடுதல்கள் உண்டு. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் விஷம். சிறு குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம். குழந்தையின் கழுத்தில் முடிந்து தொங்கவிடுவதை இன்றே நிறுத்துங்கள். இரண்டாவது, 'கற்பூரம் இருக்கிறதே' என்ற தைரியத்தில் கீழே இறங்க வேண்டியவர் மேலே ஏறிவிடுகிறார்.

அந்த ஆக்சிமீட்டரையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். லேவில் முதல் நாள் 88 காட்டினால் பதற வேண்டியதில்லை, 92 காட்டினால் கொண்டாடவும் வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது ஆளை. தலைவலியோடு குமட்டல், பசியின்மை, சோர்வு இருந்தால் அது உயர நோயின் தொடக்கம். அன்றைக்கு ஒரு அடிகூட மேலே போகக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். குதிகாலையும் விரல்நுனியையும் ஒட்டி ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். குடிக்காத ஆள் தள்ளாடினால் மூளை வீங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்த இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ராத்திரி என்றாலும் ஆக்சிஜன் கொடுத்து உடனே கீழே இறக்க வேண்டும்.

"டயமாக்ஸ் போட்டால் எவ்வளவு வேகமாகவும் ஏறலாம்" என்று ஒரு கட்சி. "அது நோயை மறைத்துவிடும், தொடவே கூடாது" என்று இன்னொரு கட்சி. இரண்டும் தவறு. அசிட்டசோலமைடு என்ற அந்த மருந்து, உடல் தானாகச் செய்யும் பழகும் வேலையைத்தான் கொஞ்சம் விரைவுபடுத்துகிறது. அறிகுறியை மட்டும் அமுக்குவது டெக்ஸாமெத்தசோன் என்ற வேறு மருந்து. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் டயமாக்ஸைத் தொடக்கூடாது. மற்றவர்களும் கேட்டுவிட்டே போடுவது நல்லது.

"மொத்தம் எத்தனை கிலோமீட்டர்?"

மலைப்பாதை என்றதும் நாம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தவறான கேள்வி. ஸ்விட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் நடைபாதைகளில் நிற்கும் மஞ்சள் பலகைகளில் மணிக்கணக்குதான் எழுதியிருக்கும். அதோடு பாறையில் வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை இருந்தால் மலைப்பாதை. வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கயிறும் அனுபவமும் தேவைப்படலாம் என்ற எச்சரிக்கை. 1892இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்கு சொன்னார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி. கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத் சுமார் 16 கிலோமீட்டர், ஏற்றம் 1,600 மீட்டர். கணக்குப்படி ஆறு மணி நேரம், அதுவும் திடகாத்திரமானவருக்கு. டீ குடிப்பதும் குதிரைக்கு வழி விடுவதும் இதில் சேராது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 3,000 மீட்டருக்கு மேல் போனால், படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொதுவிதி. பகலில் அதைவிட உயரமாகப் போய்வரலாம். கௌரிகுண்டிலிருந்து ஒரே நாளில் ஏறி கேதார்நாத்திலேயே தங்குகிறவர் இந்த விதியின் நோக்கத்தையே மீறுகிறார். ஹெலிகாப்டரில் சில நிமிடங்களில் போய் இறங்குகிறவருக்கு கால் வலிக்காது, அவ்வளவுதான். ராத்திரி அங்கேயே தங்கினால் அவர் உடலுக்குப் பழக, நடந்து ஏறியவருக்குக் கிடைத்ததைவிடக் குறைந்த நேரமே கிடைக்கிறது.

குளிரைப் பற்றிய நம்பிக்கைகளைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். பிராந்தி சூடு தராது. தோலுக்கு ரத்தத்தைப் பாய்ச்சி உடலின் சூட்டை வெளியே விடும். குளிரும் இடத்தில் வெயில் சுடாது என்பதும் பொய். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு நாள் நடந்தால் கண் எரிந்து திறக்க முடியாமல் போகும். 'ஜூன் மாதம்தானே' என்பது இருப்பதிலேயே மோசமான நம்பிக்கை. 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் ஏரிக்குப் போன கர்நாடகக் குழுவில் ஒன்பது பேர் மோசமான வானிலையில் சிக்கி உயிரிழந்தார்கள். நனைந்த பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நமக்கு வழக்கமான உடுப்பு; அங்கே அவையே எமன்.

"நம்ம ஊர் மலையில் என்ன ஆகிவிடும்?" என்பவர்கள் 2018 மார்ச் 11ஐ மறந்துவிட்டார்கள். கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காய்ந்த புல்வெளியில் தீ சரிவில் மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று மாநிலத்தில் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை இணையப் பதிவோடும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடும் திறந்தது. கட்டணம் கசக்கிறது என்று காட்டுக்குள் குறுக்குவழி காட்டும் ஆளைப் பிடிப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சமும் அனுதாபம் இல்லை.

இமயமலைக்கு முன்பணம் கட்டும் முன் டிராவல்ஸ்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த ராத்திரி எத்தனை மீட்டர் உயரத்தில் படுக்கிறோம்?" உடனே தாளில் எழுதிக் கொடுத்தால் நம்பலாம். 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்றால் வேறு ஆளைப் பாருங்கள்; இல்லையென்றால் ஊர் திரும்பும் ரயில் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போட்டு, அந்த நாட்களை ஏறும் வழியிலேயே செலவழியுங்கள்.