வயதாகிவிட்டது என்று விட்டுவிடலாமா?

நம் நாட்டில் முதியோர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேருக்குச் சற்று அதிகமானோர் 60 வயதை எட்டியவர்கள். பிள்ளைகள் பிழைப்புக்காக நகரங்களுக்குச் சென்றுவிட, நிலத்தையும் மாட்டையும் காத்துக்கொண்டு ஊரில் இருப்பவர் பல வீடுகளில் இவர்களே. ஆதலின், முதுமையில் மூளையிலும் மனத்திலும் நேரும் மாறுதல்களைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

மூளையில் நேரும் மாறுதல்கள்

வயது ஏற ஏற மூளை சிறிது சுருங்குகிறது. நரம்புகள் செய்தியைக் கொண்டு செல்லும் வேகமும் குறைகிறது. இதனால் பெயர்கள் உடனே நினைவுக்கு வருவதில்லை. கணக்குப் போடச் சற்று நேரமாகிறது. இவை இயல்பானவை. பல்லாண்டுப் பழக்கத்தால் வந்த அறிவோ எளிதில் தேய்வதில்லை. புதிய உரத்தின் பெயரை மறந்துவிடும் பெரியவர், மண்ணைக் கையில் எடுத்த மாத்திரத்தில் உழவுக்கேற்ற ஈரம் உண்டா என்று கூறிவிடுவார்.

நோயாகிய மறதி இதனின்றும் வேறானது. சாவியை வைத்த இடம் தெரியாமல் தேடுவது இயல்பு. சாவி எதற்கு என்றே விளங்காமல் விழிப்பது நோயின் அறிகுறி. 40 ஆண்டுகள் நடந்த வரப்பில் வழி தவறுவதும் அத்தகையதே. இந்நோய்களுள் முதன்மையானதை 1906-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் அலாய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் எடுத்துரைத்தார். அது அவர் பெயராலேயே வழங்குகிறது. மூளையில் சில புரதங்கள் படிந்து நரம்பணுக்கள் அழிவதை அதில் காண்கிறோம். இரத்தக் கொதிப்பாலும் நீரிழிவாலும் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைவதும் மறதி நோய்க்கு மற்றொரு காரணமாகும். இவற்றை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை.

சரிசெய்யக்கூடியவை

எனினும், மறதியெல்லாம் இவ்வகையைச் சேர்ந்ததன்று. தைராய்டுக் குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு ஆகியவற்றாலும் நினைவு மங்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனப் பிதற்றினால், சிறுநீர்த் தொற்றோ, உடலில் நீர் வற்றியதோ, இரத்தச் சர்க்கரை குறைந்ததோ, பக்கவாதமோ காரணமாகலாம். காலந்தாழ்த்தாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

காது கேளாமையும் கவனிக்கத்தக்கது. பிறர் பேச்சு விளங்காதவர் மெல்ல மெல்லப் பேச்சையே விட்டுவிடுகிறார், தனிமை கூடுகிறது. செவித்திறன் இழப்பும் தனிமையும் மறதி நோயை வரவழைக்கும் காரணங்களில் அடங்கும் என்று இக்கால ஆராய்ச்சிகள் கூறுகின்றன.

மனமும் குடும்பமும்

வரவு செலவு மகன் கைக்கு மாறியபின், தம்மை எவரும் கலந்துகொள்வதில்லை என்னும் குறை பல பெரியவர்களுக்கு உண்டு. துணையை இழந்தவர்க்கு அது இரட்டிப்பாகிறது. உறக்கமும் பசியும் குன்றி, “நான் எல்லோருக்கும் பாரம்” என்று ஒருவர் கூறத் தொடங்கினால், அதை வெறும் புலம்பலாக ஒதுக்கலாகாது. அது சிகிச்சைக்குரிய மனச்சோர்வாக இருக்கலாம்.

மறதி நோயால் நேரும் மற்றொரு துன்பத்தையும் நாம் அறிய வேண்டும். நோயுற்றவர் தாம் ஒளித்துவைத்த பணத்தை மருமகள் திருடிவிட்டாள் என்பார்; உண்டு முடித்த சிறிது நேரத்திலேயே, சோறு போடவில்லை என்று அண்டை வீட்டில் முறையிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. நினைவு அவரைக் கைவிட்டிருக்கிறது. இதை அறியாமல் ஊரார் மருமகளைத் தூற்றுவது அநீதியாகும். ஆயின், உண்மையாகவே பட்டினி கிடக்கும் முதியோரும் உளர். ஆகவே, முறையீடு வந்தால் இரு பக்கத்திலும் அவசரத் தீர்ப்புக் கூறாமல், வீட்டுக்கு நேரில் சென்று பார்ப்பதும், மருத்துவரிடம் காட்டச் செய்வதுமே முறையாகும்.

பஞ்சாயத்துக்கள் செய்யத்தக்கவை

1. தனித்து வாழும் முதியோரின் பட்டியலை வார்டு வாரியாக வைத்துக்கொண்டு, வாரம் ஒரு முறையேனும் எவரேனும் சென்று விசாரிக்க ஏற்பாடு செய்யலாம்.

2. இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் இடைவிடாது மருந்து உண்ணச் செய்வது மூளைக்கும் காப்பாகும். வீடு தேடி மருந்து வழங்குவதற்காக 2021-ஆம் ஆண்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பெற்றது. இத்தகைய உதவி முதியோர் ஒவ்வொருவரையும் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

3. கிராம சபையில் முதியோரை முன்வரிசையில் அமர்த்தி, ஏரி, வாய்க்கால், பழைய பாசன முறை ஆகியவற்றைப் பற்றி அவர்களிடம் கேட்க வேண்டும். கேட்பாரிருந்தால் மனம் தளராது.

4. பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம் 2007-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பராமரிப்புக் கிடைக்காத முதியோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். நிலத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிவைப்போர், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவது நலம். அந்நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாததென அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.

முதுமையை எவராலும் தடுக்க இயலாது. ஆனால், மருந்தால் தீரும் குறையை வயதின் மேல் போட்டுவிட்டு வாளாவிருப்பதை நாம் தடுக்கலாம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இப்பொருளை விவாதத்துக்கு எடுத்துக்கொள்வது நற்றொடக்கமாகும்.