பயர் ஆபீஸிலிருந்து பேக்கரிக்கு: தொழில் வழிகாட்டலோடு ஓர் அறிவியல் பாடம்

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் தொழில் வழிகாட்டல் படிவம் ஒன்றை நிரப்பச் சொல்லியிருந்தேன். ‘உங்கள் வீட்டில் யார், என்ன வேலை செய்கிறார்கள்?’ என்பது முதல் கேள்வி. சிவகாசி வட்டாரத்தில் இதற்கு வரும் விடைகளைப் படிக்காமலேயே சொல்லிவிடலாம்: பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், அச்சகம். ஒரு மாணவி மட்டும், “அம்மா பயர் ஆபீஸில் சரம் பின்னுகிறார். இனிமேல் கேக் மாஸ்டர் ஆகப் போகிறார்” என்று எழுதியிருந்தாள். அதை வாசித்ததும் வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

மறுநாள் அவள் தனியாக வந்தாள். “டீச்சர், அம்மாவுக்கு முப்பத்தெட்டு வயசு. இனிமே கத்துக்க முடியுமா? எங்க போய்க் கத்துக்கணும்?” என்று கேட்டாள். பத்தாம் வகுப்புக்குப் பின் என்ன, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் என்ன என்று ஆண்டுதோறும் பேசிப் பழகிய எனக்கு, முப்பத்தெட்டு வயதுக்குப் பின் என்ன என்று சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது உருவானதே இந்த நான்கு பாடவேளைச் செயல்பாடு.

ஏன் இந்தப் பாடம்?

நம் மாணவர்களின் வீடுகளில் தொழில் மாற்றம் என்பது ஆசையால் மட்டும் வரும் பேச்சு அல்ல. மழை பெய்தால் பட்டாசு காயாது; வேலை இல்லை. தீபாவளி முடிந்தால் சில வாரங்கள் வேலை இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்து, பேரியம் உப்புகளைப் பயன்படுத்தத் தடை விதித்த பிறகு ஆலைகள் மூடிக்கிடந்த மாதங்களும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உயிர்ப் பயம். 2012 செப்டம்பர் 5 அன்று, நாம் ஆசிரியர் தினம் கொண்டாடிய நாளில், முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில் மாணவர்கள் தரும் பூங்கொத்தோடு அந்த நினைவும் எங்களுக்கு வருகிறது.

முதல் பாடவேளை: தொழில் மாறியவர்கள்

வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அட்டை கொடுத்தேன்.

முதல் அட்டை, அய்ய நாடார், சண்முக நாடார். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியவர்கள். மழை குறைந்த, விவசாயம் கைகொடுக்காத ஊருக்குப் புதுத் தொழில் அப்படித்தான் வந்தது.

இரண்டாவது அட்டை, கேரளத்தின் தலச்சேரியைச் சேர்ந்த மாம்பள்ளி பாபு. பர்மாவில் பிஸ்கட் தயாரிப்பைக் கற்று வந்து, 1880-இல் சொந்த ஊரில் பிஸ்கட் ஆலை தொடங்கினார். ஓர் ஆங்கிலேயத் தோட்ட முதலாளி கொண்டுவந்து காட்டிய கேக்கைப் பார்த்து, 1883 கிறிஸ்துமஸுக்கு உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே கேக் செய்து கொடுத்தார்.

மூன்றாவது அட்டை, மும்பையின் பூஜா திங்ரா. சட்டப் படிப்பை விட்டுவிட்டு, சுவிட்சர்லாந்திலும் பாரிஸிலும் பயின்று, 2010-இல் மும்பையில் பிரெஞ்சு இனிப்பகம் தொடங்கியவர்.

மூவரின் கதையிலும் பொதுவாக இருப்பது என்ன என்று கேட்டேன். “எல்லாரும் வெளியூர் போய்த்தான் கத்துக்கிட்டாங்க” என்றான் ஒருவன். “பாரிஸ் போகப் பணம் வேணுமே டீச்சர்?” என்றாள் இன்னொருத்தி. நல்ல கேள்வி. கற்கும் காலத்தில் குடும்பம் எதை வைத்துச் சாப்பிடும் என்ற கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, நான்கு நாளும் அழிக்காமல் வைத்திருந்தேன்.

இரண்டாம் பாடவேளை: மூன்று கலவைகள்

அமிலங்கள், காரங்கள், உப்புகள் பாடத்தில் சமையல் சோடா வருகிறது. அதை மனப்பாடமாக விடாமல் அடுப்பில் வைத்தோம். கனமான பாத்திரத்தில் மணல் பரப்பி மூடி, அடுப்பில் சூடேற்றினால் அதுவே நம் ஓவன். அடுப்பை ஆசிரியரே கையாள வேண்டும்.

மைதாவும் சர்க்கரையும் மூன்று கிண்ணங்களில் சம அளவு. முதல் கிண்ணத்தில் தண்ணீர் மட்டும். இரண்டாவதில் தண்ணீரும் அரைத் தேக்கரண்டி சோடாவும். மூன்றாவதில் தயிரும் அதே அளவு சோடாவும். முதலாவது அடை போல இறுகியது. இரண்டாவது கொஞ்சம் எழும்பியது. ஆனால் மஞ்சள் நிறம், சோப்பு வாடை, நாக்கில் கசப்பு. மூன்றாவது நன்றாக எழும்பி மிருதுவாக வந்தது.

காரணத்தை மாணவர்களையே சொல்ல வைத்தேன். சோடியம் பைகார்பனேட் வெப்பத்தில் சிதையும்போது கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வெளியேறுகின்றன; சோடியம் கார்பனேட் தங்கிவிடுகிறது. அந்தக் காரம்தான் சோப்பு வாடைக்குக் காரணம். தயிரிலுள்ள லாக்டிக் அமிலம் சோடாவை நடுநிலையாக்குவதால் வாயு நிறைய வருகிறது, கசப்பு மிஞ்சுவதில்லை. “பட்டாசுலயும் வாயுதான வெடிக்குது?” என்று கேட்டான் ஒரு மாணவன். ஆம். அங்கே இறுகக் கட்டிய காகிதத்துக்குள் கண் இமைக்கும் நேரத்தில் வாயு உண்டாகிறது. இங்கே இளகிய மாவுக்குள் அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு விரிகிறது. வினை வேகம் என்ற கருத்துக்கு எங்கள் ஊரில் இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது.

“இட்லியும் எழும்புகிறது, ஏன் பொன்னிறமாவதில்லை?” என்ற கேள்வியை வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். ஆவியில் வேகும் இட்லியின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து நிறமும் மணமும் தர அதைவிட அதிக வெப்பமும் உலர்ந்த மேற்பரப்பும் வேண்டும். 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் மயார்டின் பெயராலேயே அந்த வினை அழைக்கப்படுகிறது.

மூன்றாம் பாடவேளை: 164 சதவீதம்

பேக்கரிக் கணக்கில் மைதாதான் எப்போதும் 100. மற்றவை எல்லாம் அதற்கு இத்தனை சதவீதம் என்று சொல்லப்படும். சாதாரண ரொட்டிக்குத் தண்ணீர் 60, ஈஸ்ட் 2, உப்பு 2. கூட்டினால் 164. “சதவீதம் நூறைத் தாண்டலாமா டீச்சர்?” என்று வகுப்பே எழுந்தது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். எதில் நூறு, எதை அடிப்படையாகக் கொண்டு நூறு என்பதை மாணவர்கள் தாமாகக் கண்டுபிடிக்கட்டும். லாப நட்டக் கணக்கில் வரும் குழப்பமும் இங்கேயே தீரும்.

பிறகு இந்தக் கணக்கு: 5 கிலோ மைதாவுக்குத் தண்ணீர் 3 கிலோ, ஈஸ்ட் 100 கிராம், உப்பு 100 கிராம், மொத்தம் 8 கிலோ 200 கிராம் மாவு. ஒரு ரொட்டிக்கு 450 கிராம் வீதம் 18 ரொட்டிகள். மிச்சம் 100 கிராம். பொருள்களின் விலையைக் கடையில் விசாரித்து, அடுப்புச் செலவும் கூலியும் சேர்த்து ஒரு ரொட்டியின் அடக்க விலை காணச் சொன்னேன். பெரும்பாலோர் கூலியைச் சேர்க்க மறந்தார்கள். சொந்தமாகத் தொழில் தொடங்குவோர் பலரும் தடுமாறும் இடம் அதுதான்.

நான்காம் பாடவேளை: அம்மா வகுப்புக்கு வந்தார்

அந்த மாணவியின் தாயை அழைத்திருந்தேன். தயங்கித்தான் வந்தார். இரண்டு கிண்ணங்களில் முட்டை வெள்ளைக்கரு. ஒன்றில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய். இரண்டையும் அடித்துக் காட்டினார். ஒன்று பனிபோல நுரைத்து, கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாமல் நின்றது. எண்ணெய் பட்டது நுரைக்கவே இல்லை. தூத்துக்குடி மக்ரூன் இந்த நுரையில்தான் நிற்கிறது. வெளிநாட்டில் பாதாம் சேர்ப்பார்கள். நம் பக்கத்தில் முந்திரி. நுரையில் ஈரமும் கொழுப்பும் சேரக் கூடாது, சூடு கூடக் கூடாது.

“பயர் ஆபீஸ்லயும் அதேதான் டீச்சர்” என்றார். “ஈரம் ஆகாது. இத்தனை பேர், இத்தனை மருந்துன்னு கணக்கு உண்டு. கை அவசரப்பட்டா அவ்வளவுதான். இங்க அவசரப்பட்டா கேக்கு மட்டும்தான் போகும்.”

மாணவர்கள் தயாரித்து வைத்திருந்த கேள்விகளைக் கேட்டார்கள். அவர் எதையும் மறைக்கவில்லை. தீபாவளிக்குப் பிந்தைய வேலையில்லா நாள்களில் ஒரு பேக்கரியில் ஹெல்ப்பராகப் போகிறார். விடிவதற்கு முன் வேலை தொடங்கும். நாள் முழுக்க நிற்க வேண்டும். கையில் சூட்டுக் காயங்கள். சரம் பின்னினால் கிடைப்பதைவிடக் கூலி குறைவு. “மாஸ்டர் அளவைச் சொல்ல மாட்டார். பார்த்துத்தான் எழுதிக்கணும்” என்றபோது, அவர் மகள் தன் நோட்டைத் திறந்து 164 சதவீதக் கணக்கைக் காட்டினாள். கரும்பலகை ஓரத்திலிருந்த கேள்விக்கு அவர் சொன்ன விடை: “ரெண்டு வருசம் ரெண்டு வேலையும் பார்ப்பேன். அதுக்கப்புறம்தான் விடுவேன்.” அன்று யாரும் சிரிக்கவில்லை.

எங்கே கற்கலாம்?

இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான பிரிவுகளில் பேக்கர் மற்றும் கன்ஃபெக்‌ஷனர் என்ற ஓராண்டுப் பயிற்சி உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அடுமனைப் பொருள்கள் பற்றிய சான்றிதழ்ப் படிப்பைத் தொலைதூரக் கல்வியில் நடத்திவந்துள்ளது. மதுரையில் அதன் சமுதாய அறிவியல் கல்லூரி இருக்கிறது. சென்னை தரமணியிலும் திருச்சியிலும் அரசு உணவக மேலாண்மை நிறுவனங்கள் உள்ளன. கல்வித் தகுதி, கட்டணம், சேர்க்கை நாள் ஆகியவற்றை அந்தந்த ஆண்டு நேரில் கேட்டு உறுதிசெய்த பிறகே பெற்றோரிடம் சொல்லுங்கள். வீட்டில் செய்து விற்பவர்களுக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும்.

மாவட்டத்துக்குள்ளேயே நல்ல முன்னுதாரணம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலும் சர்க்கரையும்தான் மூலப்பொருள். மீதி, அடுப்பருகே நின்று கிளறும் கையின் பக்குவம். அந்தக் கைக்கும் தொழில்நுட்பம் தெரியும் என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

இந்தப் பாடத்தை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. நெசவு, உப்பளம், செங்கல் சூளை என உங்கள் ஊர்த் தொழில் எதுவோ அதிலிருந்து தொடங்கலாம். இரண்டில் மட்டும் கவனம் வேண்டும். பெற்றோரின் இப்போதைய வேலையைத் தாழ்த்திப் பேசாதீர்கள். அதில்தான் அந்தக் குழந்தை சாப்பிடுகிறது. புதுத் தொழிலை உயர்த்திக் காட்டவும் வேண்டாம். அதன் கூலியையும் களைப்பையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இந்த ஆண்டுப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறேன்: ‘உங்கள் வீட்டில் யாராவது புதிதாக ஒரு வேலை கற்க விரும்புகிறார்களா?’ நாற்பது படிவங்களில் பதினொன்றில் ‘ஆம்’ என்று இருந்தது. அந்தப் பதினொரு வீடுகளுக்கான விடைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.